தொடித்தலை விழுத்தண்டினாரும் முதுமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலில் நாங்கள் சிலர், பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், மாதம் ஒருமுறை கூடிப் பழைய பாட்டு ஒன்றை எடுத்து வைத்துப் படிக்கிறோம். புறநானூற்றின் 243ஆம் பாட்டை எடுத்த பிறகு, புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சென்னையிலும் கோவையிலும் இருக்கும் பிள்ளைகள் போன் செய்தும் கேட்கிறார்கள், "அப்பா அந்தக் குளத்துப் பாட்டையே சொல்லிக்கொண்டிருக்கிறாரே, அது என்ன?" என்று. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று பட்டது. பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும். ஒத்துக்கொள்ளாதவர்கள் கூட்டத்துக்கு வந்து சண்டை போடலாம்.

யார் இந்தத் தொடித்தலை விழுத்தண்டினார்?

சங்கப் புலவர்களில் ஒருவர். அவர் பெயரில் நம் கைக்கு வந்து சேர்ந்திருப்பது இந்த ஒரே பாட்டு, பதினான்கு அடி. ஒரு கிழவர் தன் இளமையை நினைத்துப் பேசுகிறார், அவ்வளவுதான் விஷயம். ஆனால் தமிழில் முதுமையைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் எப்படியோ இவரிடம் வந்து நிற்கிறார்கள். ஒரே பாட்டில் இவ்வளவு பெயர் வாங்கியவர்கள் குறைவு.

அது அவருடைய சொந்தப் பெயரா?

இல்லை. பாட்டில் வரும் "தொடித்தலை விழுத்தண்டு" என்ற தொடரையே பெயராக்கிவிட்டார்கள். பூண் போட்ட தலையுடைய பெரிய ஊன்றுகோல் அது. இப்படித் தங்கள் வரியாலேயே பெயர் பெற்றவர்கள் இன்னும் உண்டு: குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார். மற்றவர்களுக்கு மழைநீரும் அணிலும் கயிறும் வாய்த்தன. இவருக்குக் கைத்தடி.

பாட்டை முழுதாகத் தர முடியுமா?

தருகிறேன்.

இனிநினைந்து இரக்கம் ஆகின்று திணிமணல்
செய்வுறு பாவைக்குக் கொய்பூத் தைஇத்
தண்கயம் ஆடும் மகளிரொடு கைபிணைந்து
தழுவுவழித் தழீஇத் தூங்குவழித் தூங்கி
மறையெனல் அறியா மாயமில் ஆயமொடு
உயர்சினை மருதத் துறையுறத் தாழ்ந்து
நீர்நணிப் படிகோடு ஏறிச் சீர்மிகக்
கரையவர் மருளத் திரையகம் பிதிர
நெடுநீர்க் குட்டத்துத் துடுமெனப் பாய்ந்து
குளித்துமணற் கொண்ட கல்லா இளமை
அளிதோ தானே யாண்டுஉண்டு கொல்லோ
தொடித்தலை விழுத்தண்டு ஊன்றி நடுக்குற்று
இருமிடை மிடைந்த சிலசொல்
பெருமூ தாளரேம் ஆகிய எமக்கே.

இன்றைய பேச்சில் சொன்னால்: இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. செறிந்த மணலில் பாவை செய்து, பறித்த பூவை அதற்குச் சூட்டி, குளிர்ந்த குளத்தில் விளையாடும் பெண்களோடு கைகோத்து, அவர்கள் தழுவினால் தழுவி, அசைந்தால் அசைந்து, ஒளிவுமறைவு என்பதே தெரியாத கூட்டாளிகளோடு திரிந்தோம். துறையில் உயர்ந்து நிற்கும் மருத மரத்தின் கிளை தண்ணீர்ப் பக்கம் தாழ்ந்து கிடக்கும். அதில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரள, தண்ணீர் சிதற, ஆழமான மடுவில் துடும் என்று குதித்து, உள்ளே போய் அடிமணலை அள்ளிக்கொண்டு வந்த அந்த ஒன்றும் அறியாத இளமை, ஐயோ, இப்போது எங்கே இருக்கிறதோ? பூண் போட்ட தடியை ஊன்றி, நடுங்கி, இருமலுக்கு இடையில் சில சொல் மட்டும் பேசுகிற பெருங்கிழவர்களாகிவிட்ட எங்களுக்கு.

முதுபெரும் கவிஞர் என்றால் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது அறிவுரை சொல்வாரே. இதில் ஒன்றுமே இல்லையே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆமாம், ஒன்றுமே இல்லை. எனக்கு இந்தப் பாட்டு பிடித்திருப்பதற்கு அதுவே காரணம்.

அடிகளை எண்ணிப் பாருங்கள். பதினான்கில் முதல் பத்தும் இளமைக்குப் போய்விடுகின்றன. பதினொன்றாவது அடியில் "எங்கே இருக்கிறதோ" என்று ஒரு கேள்வி. முதுமைக்கு மிச்சம் மூன்றே அடி. அந்த மூன்றிலும் தடி, நடுக்கம், இருமல். மகன் கவனிக்கவில்லை, மருமகள் சோறு போடவில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் சரியில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. இளமை போனாலும் ஞானம் வந்தது என்ற சமாதானமும் கிடையாது. அந்த இளமையைக் கல்லாத இளமை என்று அவரே சொல்கிறார். அப்படியானால் இப்போது கற்றுவிட்டார் என்று பொருள். கற்றதைப் பற்றியோ ஒரு அடிகூட எழுதவில்லை!

வயதானவர்கள் உண்மையில் பேசுவது இப்படித்தான். எண்பதைத் தாண்டியவரிடம் மைக்கை நீட்டி "இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" என்று கேட்டால், மரியாதைக்கு நேர்மை, உழைப்பு என்று இரண்டு சொல்லி வைப்பார். மைக்கை அணைத்துவிட்டு டீ கொடுங்கள். பெரியகுளத்தில் வராக நதியில் வெள்ளம் வந்த வருஷம், லாரியில் உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்து மலை இறங்கியது, முதல் சம்பளத்தில் வாங்கிய செருப்பு என்று பேச்சு தானாக ஓடும். அதில் இருக்கிற வாழ்க்கை மைக்கில் சொன்னதில் இல்லை. கவிஞருக்கும் அதே விதிதான். அவர் கவிஞர் என்பதால் கூடுதலாக ஞானம் கறக்கலாம் என்று பார்க்கிறோம். விழுத்தண்டினார் கொடுக்க மறுத்துவிட்டார்.

அடிமணலைக் கொண்டுவந்ததைச் சொல்கிறாரே, அதைக் கவனியுங்கள். ஆழத்தைத் தொட்டேன் என்பதற்கு அதுதான் சாட்சி. கையில் மண் இல்லாமல் மேலே வந்தால் கூட்டாளிகள் நம்ப மாட்டார்கள். கரையில் இருந்தவர்கள் மிரண்டதையும் அவர் மறக்கவில்லை. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறமும் தான் குதித்ததை யார் பார்த்தார்கள் என்பது அவருக்கு நினைவிருக்கிறது. இந்தச் சின்னப் பெருமையை மறைக்காமல் விட்டதால்தான் கிழவர் உயிரோடு நம்முன் நிற்கிறார்.

அப்படியென்றால் இது வெறும் புலம்பல்தானே?

புலம்பல்தான், ஆனால் வெறும் புலம்பல் இல்லை. புறநானூற்றைத் தொகுத்தவர்கள் இதற்குக் கையறுநிலை என்று துறை, அதாவது பாட்டின் வகை, வகுத்திருக்கிறார்கள். ஒருவர் இறந்தபின் மற்றவர்கள் செயலற்று வருந்திப் பாடுவது கையறுநிலை. இந்தப் பாட்டு இருக்கும் இடத்தையும் பாருங்கள். 241 ஆய் அண்டிரன் இறந்ததைப் பாடுகிறது. 242 ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின் "முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே" என்று பூத்த கொடியைக் கேட்கிற பாட்டு. 245 மனைவியை இழந்த சேரமானின் பாட்டு. 246 கணவனை இழந்த பெருங்கோப்பெண்டு பாடியது. வரிசையாகச் சாவுகள். நடுவில் 243இல் யாரும் சாகவில்லை. இறந்தது இளமை, அழுகிறவரும் இழந்தவரும் ஒரே ஆள். தொகுத்தவருக்கு இது தோன்றியிருக்கிறதே என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன். தனக்குத் தானே கையறுநிலை பாடிக்கொண்டவர் என்று சொன்னால் தப்பில்லை.

அவருக்கு அப்போது என்ன வயது இருக்கும்?

பாட்டில் எண் கிடையாது. பழைய காலத்தில் வயதை எண்ணால் சொல்லித் திரியவில்லை. நரை, தடி, நடுக்கம் என்று அடையாளத்தால் சொன்னார்கள்.

எங்கள் மலையில் வேறொரு கணக்கு உண்டு. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும்; இந்த மலைப் பழங்குடிகளான பளியர்கள் அந்தப் பூப்பை வைத்து வயதைக் கணக்கிடுவார்கள் என்று சொல்வதுண்டு. 1970, 1982, 1994, 2006, 2018 என்று பூத்தது. அடுத்தது 2030. இந்தக் கணக்கில் 1946இல் பிறந்தவர் ஏழு குறிஞ்சி கண்டவர், முதல் பூவைத் தொட்டிலில் இருந்து பார்த்ததையும் சேர்த்தால். கூட்டத்தில் சிலர் "எனக்கு ஆறு" என்று வயது சொல்லப் பழகிவிட்டார்கள். எழுபத்தெட்டு என்று சொல்லும்போது வராத ஒரு மிடுக்கு அதில் வருகிறது. 2030க்கு இருப்போமா என்ற பேச்சும் கூடவே வரும். இருந்தால் குறிஞ்சி ஆண்டவர் கோவில் பக்கம் போய்ப் பார்ப்போம்.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைக்கும் இந்தப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாக ஒன்றும் இல்லை. இது மருத மரமும் ஆழமான துறையும் உள்ள சமவெளிப் பாட்டு. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் எங்கள் ஏரியில் துடும் என்று குதித்தால் குளிரில் இருமல் இளமையிலேயே வந்துவிடும். மருத மரம் பார்க்க வேண்டுமென்றால் மலை இறங்க வேண்டும். பெரியகுளத்தில் வராக நதிக்கரையில் நிற்கின்றன. அந்த ஆற்றுத் தண்ணீர் எங்கள் மலையிலிருந்து இறங்குவதுதான், அந்த உறவு வேண்டுமானால் கொண்டாடிக்கொள்ளலாம்.

ஆனால் சங்கப் பாட்டுக்கும் இந்த மலைக்கும் சம்பந்தம் இல்லையா என்றால், நிறைய உண்டு. பழனியின் பழைய பெயர் பொதினி. அகநானூற்றின் முதல் பாட்டிலேயே ஆவியர் தலைவனின் பொதினி வருகிறது. அந்த ஆவியர் குடியில் வந்தவன் பேகன். குளிரில் மயில் நடுங்கும் என்று போர்வை கொடுத்தவன். டிசம்பர் இரவில் இங்கே தங்கிப் பார்த்தவர்களுக்கு, அவன் ஏன் போர்வையைக் கொடுத்தான் என்று விளக்கவே வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் பேகனை மயிலோடு நிறுத்திவிடுகிறார்கள். புறநானூற்றில் மிச்சக் கதை இருக்கிறது. அவன் மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரத்துக் கண்ணகி இல்லை) பிரிந்து வேறொரு பெண்ணிடம் இருந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு பெரும்புலவர்கள் ஒருவர்பின் ஒருவராக அவனிடம் போய் "வீட்டுக்குப் போ" என்று சொன்னார்கள். பரணர் சொல்லும் விதத்தைப் பாருங்கள்: "பசித்தும் வாரேம் பாரமும் இலமே." பசித்து வரவில்லை, எங்களுக்குச் சுமக்க வேண்டிய சுற்றமும் இல்லை; நாங்கள் கேட்கும் பரிசில், நீ இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பது. மயிலுக்கு இரங்கினாயே, மனைவிக்கு? புலவர்களின் அறிவுரை வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு 143 முதல் 147 வரை படிக்கச் சொல்வேன். அங்கே அறிவுரை இருக்கிறது. ஆனால் ஆளைப் பார்த்து, நாளைப் பார்த்து, ஒரே ஒரு காரியத்துக்காகச் சொன்னது.

முதுமையைச் சந்தோஷமாகச் சொல்லும் பாட்டு இல்லையா?

இருக்கிறது. பிசிராந்தையாரின் 191. அது கேள்வி பதிலாகவே அமைந்தது வேறு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விட முடிவெடுத்தபோது, முன்பின் நேரில் பார்த்திராத நண்பர் பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வருகிறார். அங்கிருந்த சான்றோர்கள் கேட்கிறார்கள்: "உம்மைப் பற்றிக் கேள்விப்பட்டு எத்தனையோ காலம் ஆயிற்று, நரையே இல்லையே, எப்படி?"

பதில்: மனைவி நல்லவள், பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள். ஏவலர்கள் நான் நினைப்பதையே நினைப்பார்கள். அரசன் தகாததைச் செய்யாமல் காக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலே, "ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர் பலர்யான் வாழும் ஊரே."

எண்ணெய், மூலிகை, யோகம், நடைப்பயிற்சி எதுவும் சொல்லவில்லை பாருங்கள். என் உடம்பை நான் இப்படி வைத்துக்கொண்டேன் என்ற பெருமை ஒரு இடத்திலும் இல்லை. நரைக்காதது வீட்டாலும் ஊராலும் நடந்தது என்கிறார். இதை எங்கள் ஊரில் வாசித்தபோது ஒரு அம்மா சட்டென்று சொன்னார்: "அப்போ எனக்கு நரைத்ததுக்கு நகராட்சிதான் காரணம்." சிரித்துவிட்டோம், ஆனால் பேச்சு அதோடு முடியவில்லை. மூஞ்சிக்கல்லிலிருந்து மேலே ஏறுவதற்குள் முழங்கால் படும் பாடு, சீசன் கூட்டத்தில் வயதானவர் ரோட்டைக் கடக்க முடியாதது, பெரிய வைத்தியம் என்றால் மலைப்பாதையில் எத்தனையோ வளைவு இறங்கித்தான் ஆக வேண்டும் என்பது, பிள்ளைகள் எல்லாம் கீழே போய்விட்டது. முதுமை ஒருவர் உடம்பில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை என்று பிசிராந்தையார் சொன்னதைத்தான் இவர்களும் வேறு வழியில் சொன்னார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. நரையே இல்லாத அந்த மனிதர் வந்தது, வடக்கிருக்கும் நண்பனுக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்து உயிர்விட. இந்தப் பாட்டை "மகிழ்ச்சியாக வாழ ஐந்து வழிகள்" என்று சுருக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் அந்தப் பின்னணியைச் சொல்வதில்லை.

கடுமையாகப் பேசும் பாட்டு?

195, நரிவெரூஉத்தலையார். மீன் முள் மாதிரி நரைத்த முடியோடு பயனில்லாமல் மூத்துவிட்ட பெரியவர்களே என்று முகத்துக்கு நேரே கூப்பிடுகிறார். "நல்லது செய்தல் ஆற்றீர் ஆயினும் அல்லது செய்தல் ஓம்புமின்." நல்லது செய்ய முடியாவிட்டாலும் கெட்டதையாவது செய்யாதீர்கள். கூட்டத்தில் இதை வாசித்தால் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைத்தான் பார்க்கிறார்கள்.

பெண்களின் முதுமை எங்கே?

நியாயமான கேள்வி. விழுத்தண்டினார் பாட்டில் பெண்கள் மணல் பாவையோடும் குளத்தோடும் நின்றுவிடுகிறார்கள். தடியூன்றி வருவது ஆண்கள். எங்களில் ஒருவர், வத்தலக்குண்டுப் பக்கம் பிறந்தவர், "நாங்கள் பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்தோமே, அதை யார் பாடினார்கள்?" என்று கேட்டார். பதில் சொல்ல எங்களிடம் பாட்டு இல்லை. அவரையே எழுதச் சொல்லியிருக்கிறோம்.

வயதான பெண் ஒருத்தியின் உருவம் 159இல் இருக்கிறது. பெருஞ்சித்திரனார் குமணன் என்ற வள்ளலிடம் தன் வறுமையைச் சொல்லும்போது தாயைக் காட்டுகிறார். இவ்வளவு வருஷமாகியும் உயிர் போகமாட்டேன் என்கிறதே என்று நொந்துகொள்பவள், கோலே காலாகச் சின்னச் சின்ன அடி வைத்து நடப்பவள், நூலை விரித்தாற்போன்ற தலைமுடி, முற்றத்துக்குக்கூட வர முடியாத மூப்பு. அப்பத்தாவோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வரிகள் போதும். ஆனால் அங்கேயும் மகன்தான் பேசுகிறார், அவள் பேசவில்லை.

ஔவையார் இருக்கிறாரே? அவர் கிழவிதானே?

சங்கத்து ஔவை கிழவி இல்லை! அதியமானின் பகைவன் அவரைப் பார்த்து மைதீட்டிய கண், ஒளிபொருந்திய நெற்றி என்று விளித்ததாக அவரே பாடுகிறார் (89). ஆடிப்பாடும் இளம் விறலியாகத்தான் அங்கே தெரிகிறார். கோலூன்றிய பாட்டி பிற்கால ஔவையார்களைச் சுற்றி வளர்ந்த உருவம். இளம்பெண்ணாக இருந்தபோதே கல்யாணத்திலிருந்து தப்பிக்க விநாயகரிடம் வேண்டி முதுமையைக் கேட்டு வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. இளமை எங்கே என்று ஒருவர் தேட, இன்னொருவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஊர் ஊராகப் போகிறார். பெண்ணுக்கு இளமை சுமையாக இருந்த இடத்தில் முதுமை சுதந்திரமாகிவிடுகிறது. கட்டுக்கதைதான், ஆனால் கதையைக் கட்டியவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

நெல்லிக்கனி சங்கத்து ஔவைக்கு உரியது. கிடைத்தற்கரிய அந்தக் கனியை அதியமான் தான் தின்னாமல், அதன் பெருமையைச் சொல்லாமல், "சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே" என்று அவர் பாடும்படி கொடுத்தான் (91). அப்புறம், "சுட்ட பழம் வேண்டுமா" கதை நடந்தது பழனியில் என்று எங்கள் பக்கம் பலர் நினைக்கிறார்கள். அந்தக் கதை பழமுதிர்சோலைக்கு உரியது.

வயதானவர்களுக்கு முன்னால் இந்தப் பாட்டை வாசித்தால் மனம் உடையாதா?

பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது, பெரியவர்கள் கேட்டதில்லை. ஒருவரும் உடைந்து போகவில்லை. பாட்டு முடிந்ததும் நடப்பது என்னவென்றால், ஆளாளுக்குத் தங்கள் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். கீழே பிறந்தவர்களுக்கு ஆறும் கிணறும். மலையிலேயே பிறந்தவர்களுக்குப் பேரிக்காய் மரம், பைன் காட்டுச் சரிவில் அட்டை மேல் உட்கார்ந்து சறுக்கியது. பூம்பாறைக்காரர் ஒருவர் பூண்டு வயலின் படிக்கட்டு வரப்பில் ஓடியதைச் சொன்னார். கண் கலங்குவது உண்டு. அது வேறு, உடைவது வேறு. அவர்களைச் சோகத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று பேச்சை மாற்றாமல் இருந்தால் சரி.

என் அம்மா ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். என்ன செய்வது?

கேளுங்கள். மறதி நோயின் அறிகுறியாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், அதற்குப் பாட்டு மருந்தில்லை. மற்றபடி, கதை ஒன்றாக இருந்தாலும் உங்கள் கேள்வி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. "அந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? கரையில் யார் நின்றார்கள்? அன்றைக்கு வீட்டில் என்ன சமையல்?" என்று சின்னதாகக் கேளுங்கள். "வாழ்க்கையில் என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். செல்போனில் பதிவு செய்வதானால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

உ.வே.சாமிநாதையரை நினைத்துப் பாருங்கள். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்து இந்தப் பாட்டை நமக்குக் கொடுத்தவர் அவர். 1855இல் பிறந்தவர், எண்பத்தைந்தை ஒட்டிய வயதில், 1940இல், ஆனந்த விகடனில் தன் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். அவர் எழுதியது பெரும்பாலும் எதைப் பற்றி? பிறந்த ஊர், தந்தையோடு ஊர் ஊராக அலைந்தது, ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தது, ஏடு தேடியது. முதுமை வரைக்கும் கதை வரவே இல்லை. 1942இல் அவர் காலமானபோது எழுத்து பாதியில் நின்றது. அவரும் பத்து அடியை மடுவில் குதிப்பதற்கே செலவழித்தவர்தான்.

எந்த உரை நல்லது?

புறநானூற்றின் பழைய உரை முதல் 266 பாட்டுக்குக் கிடைத்திருக்கிறது. 243 அதற்குள் வந்துவிடுகிறது, அதிர்ஷ்டம். உ.வே.சா. பதிப்பில் அது இருக்கும். விரிவாக வேண்டுமென்றால் ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் உரை. முதலில் உரை இல்லாமல் நாலு தடவை சத்தமாகப் படித்துவிட்டு அப்புறம் உரைக்குப் போங்கள்.

எப்படிச் சத்தமாகப் படிப்பது? மூச்சு வாங்குகிறதே?

வாங்கட்டும். முதல் அடியில் "ஆகின்று" என்று ஒரு நிறுத்தம், அதற்கப்புறம் பத்தாம் அடிவரை எங்கும் முற்றுப்பெறாமல் ஓடுகின்றன. "தைஇ", "பிணைந்து", "தழீஇ", "ஏறி", "பாய்ந்து" என்று ஒன்றன்மேல் ஒன்றாக வினைகள். நிறுத்த இடமே கொடுக்காமல் கொண்டுபோய்த் தண்ணீரில் தள்ளிவிடுகிறார். "துடுமென" வரும் இடத்தில் குரலை உயர்த்துங்கள், வெட்கப்படாதீர்கள்.

கடைசிக்கு முந்தைய அடியை எண்ணுங்கள்: "இருமிடை மிடைந்த சிலசொல்." மற்ற அடிகளில் நான்கு சீர், இதில் மூன்றே. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி மூன்று சீராக வருவது இலக்கணம், எல்லாப் புலவரும் செய்வதுதான். ஆனால் அந்தக் குறைந்த அடியில் இருமலைக் கொண்டுபோய் வைத்தது இவர். பேச்சு குறைந்துபோன கிழவரைச் சொல்லும் அடியில் ஒரு சீர் குறைகிறது. அங்கே நீங்கள் மூச்சு விடலாம். உண்மையாகவே இருமல் வந்தாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வெளியூரிலிருந்து வந்து கலந்துகொள்ளலாமா?

தாராளமாக. சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே முதல் அந்த நடைமுறை இருக்கிறது. அரசுப் பஸ்ஸில் வந்தால் அந்தக் கவலை இல்லை. பனி விலகி வெயில் ஏறியபிறகு, பதினொரு மணிவாக்கில் தொடங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுவோம். சாயங்காலம் மஞ்சு இறங்கிவிட்டால் படியும் பள்ளமும் தெரியாது. ஸ்வெட்டரும் மஃப்ளரும் அவசியம். சுக்குக் காப்பி நாங்கள் தருவோம். பாட்டைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறோம்.

அடுத்து எந்தப் பாட்டு?

நான் சொல்வது 245. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, மனைவியைச் சிதையில் வைத்தபின் பாடியது. துயரம் எவ்வளவு பெரிதானாலும் என் உயிரை எடுக்கும் அளவுக்கு வலிமை அதற்கு இல்லையே என்று தொடங்கி, "இன்னும் வாழ்வல் என்இதன் பண்பே" என்று முடிகிறது. துணையை இழந்தவர்கள் கூட்டத்தில் பலர் இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேர் இதைத்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். வேறு சிலர் தொடர்ந்து சாவுப் பாட்டாகவே போகிறது, பேகனுக்கு நாலு புலவர்கள் டோஸ் விட்டதைப் படிக்கலாம் என்கிறார்கள். வருகிறவர்கள் கை தூக்கினால் அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.